ஹெட்போனுக்குப் பொட்டு வைத்த கதை

என் கைகளுக்கு ஒரு வியாதி உண்டு. திருகாணி வைத்த எந்தப் பொருளையும் அவற்றால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, சுவர்க்கடிகாரம், மாமியார் கொடுத்த தையல் மெஷின் எல்லாம் ஒருமுறையாவது அக்கக்காகக் கழற்றப்பட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் குடியிருக்க அனுமதி பெற்றன. ஆத்தூரிலிருந்து போன் செய்யும் அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டாள். "இப்ப என்னத்தளா கழத்திப் போட்டிருக்க?" என்பாள். அவள் கேட்கிற நேரமெல்லாம் ஏதாவது ஒன்று கழன்றுதான் கிடக்கும்.

நான் பிழைப்புக்குச் செய்வது மற்றவர்களின் குரலைச் சுத்தம் செய்யும் வேலை. பள்ளிப் பாடங்களை ஒலிப்பதிவாக விற்கும் ஒரு கம்பெனி சென்னையில் இருக்கிறது. ஆசிரியர்கள் பேசிய பதிவுகளை எனக்கு அனுப்புவார்கள். மூச்சிரைப்பு, கனைப்பு, பின்னால் சுற்றும் மின்விசிறி, எங்கோ குரைக்கும் நாய் எல்லாவற்றையும் வெட்டியெறிந்து, குரலை மட்டும் துலக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் வீடு ஹார்பர் ரோட்டை ஒட்டிய ஒரு மாடி. கன்டெய்னர் ஏற்றிய டிரைலர்கள் ஓயாமல் போகும். ஜன்னல் கம்பியே அதிரும். இந்த லட்சணத்தில் சுத்தமான குரலைக் கேட்பது எங்கே? அதனால்தான் காதை முழுக்க மூடுகிற, பின்பக்கமும் அடைத்த ஹெட்போன் ஒன்றை வாங்கினேன். வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்சத்தம் வெளியே போகாது என்று பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். இரண்டாவது சொன்னது உண்மையில்லை என்று பின்னால் ஒருநாள் தெரிந்தது. அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

மாட்டிய முதல் நாளே எரிச்சல். ஆண் குரல்களெல்லாம் பானைக்குள் தலையை விட்டுப் பேசின. பெண் குரல்களில் 'ச' வரும்போதெல்லாம் காதில் ஊசி ஏறியது. பழகினால் சரியாகிவிடும் என்று நல்ல பிள்ளையாகக் கொஞ்ச நாள் பொறுத்தேன். என் கை பொறுக்கவில்லை. காதில் பதிந்து உட்காரும் மெத்தையைச் சுற்றிவர இழுத்தால் கழன்று வருகிறது. அதற்கடியில் திருகாணிகள் ஒளிந்திருந்தன. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமேயில்லை. வெறும் பிளாஸ்டிக் கிண்ணம், நடுவில் பொரிவிளங்காய் உருண்டையைத் தட்டையாக்கிய மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கர். சத்தம் அந்தக் கிண்ணத்துச் சுவரில் முட்டி முட்டித் திரும்பி வந்தால் பானைக் குரல் வராமல் என்ன செய்யும்? இதற்கா அவ்வளவு அழகாகப் பெட்டி செய்து விற்றான் என்று அன்றைக்குப் பூராவும் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. கிண்ணத்துக்குள் பஞ்சு வைத்தேன். அதிகமாகி, குரலில் உயிர் போய்விட்டது. பாதிப் பஞ்சை உருவினேன். பிள்ளைகள் விளையாடுகிற களிமண் கட்டியை வாங்கி, கிண்ணத்தின் உள்சுவரில் சப்பாத்தி கனத்துக்கு அப்பினேன். சுவர் கனமானதும் அதிர்வு அடங்கியது, பானை கொஞ்சம் தள்ளிப் போனது. திருகாணிகள் தொலையாமல் இருக்க ஒரு காலி மக்ரூன் டப்பாவில் போட்டு வைத்தேன். சமைக்கும்போது நினைப்பு அங்கேதான் இருக்கும். குழம்பு கொதிக்கும் இடைவெளியில் ஓடிப்போய் ஒரு பக்கத்தைத் திறப்பேன். மூடுவேன். கேட்பேன். மறுபடி திறப்பேன். குழம்பு அடிப்பிடித்ததற்குக் கணக்கில்லை.

ஊசிச் சத்தம்தான் மிச்சம். ஸ்பீக்கருக்கு முன்னால், காதுப் பக்கம், ஓட்டை ஓட்டையாக ஒரு மூடி இருக்கும். அந்த ஓட்டைகளில் சிலவற்றைக் கம்பளித் துணியால் வட்டமாக மூடினால் கூர்மை மழுங்கும் என்று படித்தேன். அந்தத் துணியை வரவழைக்க வேண்டும், அது வந்து சேர ஒரு வாரம் ஆகும். ஒரு வாரம் காத்திருக்கிற ஆளா நான்? அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தவள் கண்ணாடி முன்னால் வந்து நின்றேன். நெற்றியில் வெல்வெட் ஸ்டிக்கர் பொட்டு. வட்டம், மெத்தென்ற துணி, பின்னால் பசை. கேட்டதெல்லாம் என் நெற்றியிலேயே இருந்திருக்கிறது.

பஜாரில் பேன்சி ஸ்டோர் அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்லு வச்சது வேண்டாம் அண்ணாச்சி. வெல்வெட்டு, தடிமனா இருக்கணும். சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் எல்லா சைஸும் குடுங்க."

"யாருக்கும்மா, கல்யாண வீட்டுக்கா?"

"ஹெட்போனுக்கு."

அவர் மெரூன் நிற அட்டைகளை மொத்தமாக எடுத்து மேசையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

பொட்டு வேலை செய்தது. ஒவ்வொரு காதுப் பக்கமும் மூடியின் மேல் பொட்டுகளை ஒட்டினேன். ஓரத்தில் சின்னது, நடுவில் பெரியது. ஊசி மறைந்தது. குரல்கள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசின. அந்தச் சாயங்காலம் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் ஒரு சந்தேகம். ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டால் காது பழகிவிடும். காலையில் குத்தும் 'ச' மத்தியானத்துக்கு மேல் குத்தாது. நான் செய்த வேலையால் குத்தவில்லையா, காது அலுத்துப்போய்க் குத்தவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு இன்னொரு காது வேண்டும். துறைமுகத்திலேயே பேர் வாங்கிய காது எங்கள் வீட்டில் இருக்கும்போது நான் வேறு எங்கே போவேன்?

என் வீட்டுக்காரர் டக்கில் எஞ்சின் ஆள். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்தும், முட்டித் தள்ளியும் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துகிற சின்ன இழுவைக் கப்பலைத்தான் டக் என்பார்கள். பார்வைக்குத்தான் சின்னது. அதன் வயிற்றுக்குள் எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனின் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். அந்த இரைச்சலுக்கு நடுவில் அவர் ஒரு வித்தை செய்வார். எஞ்சினில் ஏதோ சரியில்லை என்றால் நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்து, முனையை எஞ்சின் உடம்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் பதித்துக் கண்ணை மூடிக்கொள்வார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவார். மற்ற டக்குகளிலிருந்தும் அவரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அண்ணாச்சி காதுக்குத் தனியா இன்சூரன்ஸ் போடணும் என்று கேலி செய்வார்களாம். அதை என்னிடம் சொல்லும்போது முகம் கொள்ளாத சிரிப்பு.

எஞ்சின் ரூமில் போட்டுக்கொள்ளக் காதுமூடி கொடுத்திருந்தார்கள். மஞ்சள் நிறத்தில், என் ஹெட்போனுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். அவர் அதை ஒரு காதில் மாட்டி, மறுகாதில் மேலே தூக்கி விட்டுக்கொள்வார். ரெண்டையும் மூடினா எஞ்சின் பேசுறது எப்படிக் கேக்கும் என்பது அவர் கட்சி. பஞ்சுக்காக நான் அலைவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் புதுக் காதுமூடி ஒன்றையே கொண்டுவந்து என் மடியில் போட்டார். "இதுக்குள்ள நல்ல ஸ்பாஞ்சு இருக்கும், எடுத்துக்கோ. எனக்கு இது எதுக்கு?" என்றார். எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எனக்கு ஏனோ தோன்றியது. அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டேன்.

வருஷா வருஷம் அவருக்கு மெடிக்கல் நடக்கும். கண்ணாடி வைத்த ஒரு பெட்டி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கீச்சென்று சத்தம் வரும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். போன தடவை முடித்துவிட்டு வந்து அதன் சூட்சுமத்தை எனக்கு விளக்கினார்.

"சத்தம் வந்தா என்ன, வராட்டா என்ன? கண்ணாடி வழியா மெஷினை அமுக்குத அந்த அம்மா கை தெரியும்லா. கை அசையும்போது நாம அமுக்க வேண்டியது. எல்லாரும் அப்படித்தான் செய்யுதாவ."

நானும் சேர்ந்து சிரித்தேன். பரீட்சை என்றால் பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்ப்பதும் சேர்ந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்ட காதில்தான் என் பொட்டு வைத்த ஹெட்போனை மாட்டினேன். ஒரு டீச்சரம்மாவின் குரலை ஓடவிட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"மந்தமா இருக்குளா. ஈரச் சாக்குக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு. கொஞ்சம் திறந்து விடு."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் பேர் வாங்கிய காது சொல்கிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொட்டை உரித்தேன். உரித்த பொட்டை எங்கே வைப்பது? நம் வீடுகளில் அதற்கு ஒரே இடம்தான். கண்ணாடி. முகம் பார்க்கிற கண்ணாடியின் ஓரத்தில், நேற்றைய பொட்டுக்கும் முந்தாநாள் பொட்டுக்கும் பக்கத்தில் ஒட்டிவைத்தேன்.

மழைக்காலத்தில் ஆரம்பித்த இந்தக் கூத்து, உப்பளத்தில் உப்பு அள்ளத் தொடங்கும்வரை நீண்டது. நான் எதையாவது மாற்றுவேன், அவர் டூட்டி முடிந்து வந்ததும் மாட்டிவிடுவேன், அவர் மந்தம் என்பார். பொட்டை உரிப்பேன். "இப்ப பரவால்ல. இன்னும் கொஞ்சம் பளிச்சுனு வந்தா நல்லாருக்கும்." இன்னொன்றை உரிப்பேன். கண்ணாடியில் பொட்டுகள் வரிசை கட்டின. எனக்கு ஊசிக் குத்தல் திரும்ப ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு தாங்க முடியாமல். நடு ஓட்டையை மூடியிருந்த பெரிய பொட்டையும் உரித்த அன்றைக்கு அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "இதுதாம்ளா சத்தம். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி." எனக்குப் பல் கூசியது. என் காதுக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நம்பினேன். எனக்கே எதிலும் நிலைகொள்ளாத புத்தி, காதுக்கு மட்டும் எப்படி நிலைகொள்ளும்?

சென்னையிலிருந்து பதிவுகள் திரும்பி வரத் தொடங்கின. குரலெல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். காரணம் எளிதானது. ஹெட்போன் கூராக இருந்ததால் நான் குரல்களின் கூர்மையைச் சீவிச் சீவி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. காது கேட்காதவர்களையெல்லாம் கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கிறான் கம்பெனிக்காரன் என்று பாத்திரம் கழுவிக்கொண்டே உரக்கத் திட்டினேன்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன். அவர் சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் மாடிக்கு மேற்கே உப்பளம், அதற்கு இந்தப் பக்கம் உடங்காடு. சூரியன் இறங்கியதும் அந்த உடை மரங்களிலிருந்து சில்வண்டுகள் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன. ஆரம்பித்தால் நிறுத்தாது, மாடியே சிலிர்க்கும். நான் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு வேட்டியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியாளா," என்றார் அவர், மரங்களைப் பார்த்துக்கொண்டே. "இப்பல்லாம் சில்வண்டே இல்ல. முந்தி இந்நேரம் காதைக் கிழிக்கும். ரோட்டை அகலப்படுத்துதேன்னு உடைய வெட்டிப் போட்டானுவல்லா, அதோட போச்சு."

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. சில்வண்டு போனதற்கு உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டு டீயை ஊதிக் குடித்தார். அவரைச் சுற்றிக் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது.

துணியை அப்படியே வாரிக்கொண்டு கீழே வந்துவிட்டேன். கட்டிலில் துணியைப் போட்டுவிட்டுத் திரும்பினால் கண்ணாடி. ஓரம் முழுக்க மெரூன் பொட்டுகள். ஒவ்வொன்றும் அவர் சொல்லி நான் உரித்தது. எனக்கு எது ஊசியாகக் குத்தியதோ அது அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. நான் ஹெட்போனைத் திருத்தவில்லை, அவர் காதில் இல்லாமல் போனதையெல்லாம் அளந்து அளந்து கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை.

உடனே சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். எப்படிச் சொல்வது? அவருக்குப் படிப்பில் பேர் இல்லை, சொத்தில் பேர் இல்லை. காதில்தான் பேர். அது போய்விட்டது என்றால் எஞ்சின் ரூமிலிருந்து வெளியே எடுத்துவிடுவார்கள். எஞ்சின் ரூம் இல்லாத அவரை எனக்குக் கற்பனை செய்யக்கூட வரவில்லை. சொல்லாமல் விட்டால், ஒரு காதுமூடியைத் தூக்கி விட்டுக்கொண்டு மிச்சத்தையும் தினம் தினம் அந்த எஞ்சினுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார். மெடிக்கல் கண்டுபிடிக்கும் என்று நம்பவும் வழியில்லை. அந்த அம்மாவின் கையைப் பார்த்து அவர் தேறிவிடுவார். நானாகச் சொன்னால்தான் உண்டு. அதனால் சொல்லாமல், அவரைச் சோதித்துக்கொண்டு சுற்றினேன். பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். கேட்டது. குரலில் கனம் இருந்தால் கேட்டுவிடுகிறது. தாளிக்கும்போது ஒருநாள் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கடுகு படபடவென்று வெடித்து அடங்கியது. வாசம் அவர் மூக்குக்குப் போன பிறகு, "தாளிச்சிட்டியா?" என்று திரும்பினார்.

அவருக்கு ஓய்வு நாள் வந்தது. காலையில் இட்லி முடித்ததும் ஹெட்போனை எடுத்தேன். "அத்தான், கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க, புதுசா ஒண்ணு பாக்கேன்," என்றேன். அவர் உற்சாகமாக மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். என் கம்ப்யூட்டரில் விசில் மாதிரி ஒரே சத்தத்தை வேண்டிய உயரத்துக்கு உண்டாக்கலாம். தாழ்வாக ஆரம்பித்தேன். "ம்," என்றார். உயர்த்தினேன். "ம்." இன்னும் உயர்த்தினேன். "ம், சங்கு ஊதுத மாதிரி இருக்கு." மறுபடி உயர்த்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"என்னளா, நிப்பாட்டிட்டியா?"

நிறுத்தவில்லை. அளவைக் கூட்டினேன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு, அடைத்த கிண்ணத்தையும் களிமண்ணையும் பஞ்சையும் தாண்டி அவர் காதுகளிலிருந்து அந்தச் சத்தம் கசிந்து வந்தது. மெல்லிய கம்பி மாதிரி, ஆனால் தெளிவாக. அவர் காதுமேல் இருந்தது எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

"வயர் லூஸா இருக்கும்," என்றார். வயரைத் திருகினார். சொருகியிருந்த முனையைப் பிடுங்கிச் சட்டையில் துடைத்து மறுபடி சொருகினார். "நீ ஒரு நாளைக்கு நூறு தடவ கழத்தி மாட்டுனா எப்படி நிக்கும்? அந்த சின்ன ஸ்குரூ டிரைவரை எடு, பாப்போம்."

"வயர்ல ஒண்ணும் இல்ல அத்தான்."

"பின்ன?"

"சத்தம் ஓடிட்டுத்தான் இருக்கு."

என் முகத்தையே பார்த்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, எழுந்து வந்து, அதை என் தலையில் மாட்டினார். என் கண்கள் தானாக இறுக மூடிக்கொண்டன. கழுத்து உள்ளே இழுத்தது. பிடுங்கி மேசைமேல் எறிந்துவிட்டேன். கண்ணைத் திறந்தபோது அவர் ஹெட்போனைப் பார்க்கவில்லை. எரிச்சலில் சுருங்கிய என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த எந்தப் பேச்சுக்கும் தேவை இல்லாமல் போயிற்று.

கோபம் வரத்தான் செய்தது. "நாள் பூரா இதையே மாட்டிட்டு இருந்தா உனக்குத்தான் கூசும். எஞ்சின்ல ஸ்பேனர் விழுந்தா எந்த சைஸுன்னு சொல்லுவேன், எனக்கா காது கேக்கல?" என்று கத்தினார். நானும் விடவில்லை. "ஸ்பேனரு கேக்கும், எஞ்சின் கேக்கும். சில்வண்டு கேக்கல. அது எங்கயும் போகல அத்தான், தினமும் கத்துது," என்றேன். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அழுதேன். அழுதுகொண்டே ஹெட்போனின் திருகாணிகளைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினேன். வேறு என்ன செய்வதென்று கைகளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சில நாட்கள் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. சாயங்காலம் அவர் டீயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். உடங்காட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இப்ப கத்துதா?"

"கத்துது."

"நெறையவா?"

"காதைக் கிழிக்கு அத்தான்."

தலையை ஆட்டினார். டீ ஆறும்வரை அங்கேயே நின்றார்.

மெடிக்கல் வந்தது. நானும் வருகிறேன் என்றபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டியில் போகும்போது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து, "அந்த அம்மா கையைப் பாக்காதிய," என்றேன். உரக்கத்தான் சொன்னேன். பதில் இல்லை. எதிர்க்காற்றில் கேட்கவில்லையா, கேட்டுவிட்டுப் பேசாமல் ஓட்டுகிறாரா என்று தெரியாமல் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

பிற்பாடு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். இப்போது அவருக்குக் கரையில் ஒர்க்ஷாப்பில் வேலை. அலமாரிக்கு மேலே நான் தூக்கிப் போட்டிருந்த மஞ்சள் காதுமூடியை அவரே எடுத்துக்கொண்டு போனார். அங்கே கிரைண்டர் ஓடும்போது இரண்டு காதிலும் மாட்டுகிறார். இன்றைக்கும் டக்கிலிருந்து கூப்பிட்டால், ஸ்குரூ டிரைவரும் கையுமாகப் போய் பேரிங்கைச் சொல்லிவிட்டு வருகிறார். எலும்பு வழியாக வரும் கனத்த தட்டல் அவருக்கு அப்படியேதான் இருக்கிறது. சில்வண்டுச் சத்தத்தைப் பதிவு செய்து, உயரத்தைக் குறைத்து, அவருக்குக் கேட்கும்படியாக ஒருமுறை செய்து கொடுத்தேன். கேட்டுவிட்டு, "இது தவக்களைச் சத்தம்ளா," என்று கழற்றி வைத்துவிட்டார். எனக்கென்று வேறு ஒரு ஹெட்போன் வாங்கி, பொட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். பழையது இப்போது அவருடையது, அதில் ஒரு பொட்டும் இல்லை. அதை அவரைத் தவிர யாராலும் காதில் வைக்க முடியாது. கண்ணாடியில் இருந்த பொட்டுகளை நான் எடுக்கவில்லை.

ஆனால் அந்த மெடிக்கலில் என் மனசில் நிற்பது வேறு. வராந்தாவில் என்னால் உட்கார முடியவில்லை. நடந்து நடந்து அந்த அறைக் கதவுக்கு வந்தேன். கதவின் கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. பெட்டி அறைக்குள் அவர், எதிரே மெஷினுக்கு முன்னால் அந்த அம்மா. அவர் காதுகளில் கறுப்பாக ஒரு ஹெட்போன், என்னுடையதைப் போலவே முழுக்க மூடியது. அந்த அம்மாவின் கை மெஷினை நோக்கிப் போனது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, எஞ்சின் மேல் ஸ்குரூ டிரைவரை ஊன்றியதும் மூடுவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் கட்டைவிரல் அமுக்கியது. மறுபடி அமுக்கியது. அதற்குப் பிறகு அந்த அம்மாவின் கை அசைந்தது, கட்டைவிரல் அசையவில்லை. கை மறுபடி அசைந்தது. மறுபடியும். கட்டைவிரல் பட்டன் மேல் தயாராக, வளைந்தபடி, காத்திருந்தது. அவர் நெற்றி சுருங்கியிருந்தது. அவ்வளவு கவனமாக அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்தால் போதும், எதிரே எல்லாம் தெரியும். அவர் திறக்கவில்லை.

வெளியே வந்தவர் என்னைக் கதவருகே பார்த்ததும் நின்றார். காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். சிரிக்கப் பார்த்தார், வாய் சரியாக வரவில்லை.

"அந்த ஹெட்போனை நீ ஒருக்க கழத்திப் பாக்கணும்ளா," என்றார். "உள்ள நெறைய பொட்டு ஒட்டி வச்சிருக்காவ போல."